அடியில் கேட்கும் 'டொக் டொக்': கிராங்க் ஷாஃப்ட் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

என் மேசைக்கு வந்த இரு சக்கர வண்டிகளின் கிராங்க் ஷாஃப்ட்டுகள் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பலவற்றுக்கு வந்த நோய் ஒன்று, பார்த்த வைத்தியம் வேறொன்று. சத்தம் கேட்டதும் என்ஜினைப் பிளந்து, கிராங்க் பின்னைத் தள்ளி, புது ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) போட்டு, கண் அளவில் சேர்த்து மூடியிருப்பார்கள். சத்தம் அப்படியே இருக்கும், கூடவே புதிதாக ஓர் அதிர்வும் சேர்ந்திருக்கும். இந்த வேலையில் கெடுதல் பெரும்பாலும் அளக்காமல் பிரிப்பதிலும், அளக்காமல் அடிப்பதிலும்தான் நடக்கிறது. அதனால் கீழே எல்லா இடத்திலும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன்.

இது இரண்டு கனத்த தட்டுகளை கிராங்க் பின் என்ற உருளைக் கம்பியால் கோத்து, பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்த கிராங்க்குக்கு மட்டும் பொருந்தும். ஒரே இரும்பில் செய்த கிராங்க்கும், இரண்டாகக் கழலும் ராடும், ஷெல் பேரிங்கும் உள்ள என்ஜின் வேறு ரகம். அதைக் கிரைண்டிங் செய்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

அளவுகளில் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்வதே முடிவு. நான் தரும் எண்கள் ஒற்றை சிலிண்டர் கொண்ட சிறிய, நடுத்தர என்ஜின்களில் வழக்கமாகப் பார்ப்பவை. கையில் இருக்க வேண்டியவை: 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் இரண்டு, கிராங்க்கைத் தாங்க ஒரு ஜோடி வி-பிளாக் அல்லது இரு சென்டர்கள் (ஷாஃப்ட் முனைக் குழிகளில் நுழையும் கூர்முனைத் தாங்கிகள்), வெர்னியர், ஃபில்லர் கேஜ், வளையாத நேர்க்கோல், செம்பு அல்லது பித்தளைச் சுத்தியல்.

அடியிலிருந்து கனமான 'டொக் டொக்'

எப்போது கூடுகிறது, எப்போது அடங்குகிறது என்று முதலில் காதால் பிரியுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காது எலும்பில் ஒட்டிக் கேட்டால் இடமும் ஓரளவு தெரியும்.

*குளிரில் உரக்க, சூடானதும் அடங்குகிறது:* பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுகிறது. கிராங்க்கைத் தொட வேண்டாம்.

*ஐடிலில் மேலிருந்து மெல்லிய 'டிக் டிக்':* ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வ் இடைவெளியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பிஸ்டன் பின், ஸ்மால் எண்ட் (ராடின் பிஸ்டன் பக்க முனை).

*வேகத்தோடு ஏறும் உறுமல்:* மெயின் பேரிங் (கேஸில் ஷாஃப்ட்டைத் தாங்குவது). தட்டும் சத்தமாக இருக்காது, கல் அரைப்பது போல இருக்கும்.

*சூடான பிறகு கூடுகிறது, ஏற்றத்தில் த்ராட்டிலை முறுக்கினால் கனத்து விழுகிறது:* இப்போதுதான் பிக் எண்ட் (ராடின் கிராங்க் பக்க முனை) மேல் சந்தேகம் வரலாம். அப்போதும் இந்த வரிசையை விடாதீர்கள்.

முதலில் மேக்னெட்டின் (ஷாஃப்ட் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) கவரைக் கழற்றி நட்டைச் சோதியுங்கள். மேக்னெட் ஷாஃப்ட்டின் கூம்பில் சரியாக உட்காராமல் ஆடினால் வரும் சத்தம், பிக் எண்ட் போனதைப் போலவே கேட்கும். இந்த ஒரு நட்டுக்காக முழு என்ஜினும் பிரிந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். புது ராடு கிட் போட்டு முடித்து, பழைய சத்தத்தோடு வந்து நின்றது வண்டி. நட்டு தளர்ந்திருந்தால் சாவியையும் (மேக்னெட்டை ஷாஃப்ட்டில் இடம் மாறாமல் நிறுத்தும் சிறு துண்டு) கூம்பையும் பாருங்கள். கூம்பில் கீறலோ நீல நிறமோ இருந்தால் இறுக்கினாலும் நிற்காது.

அடுத்து கிளட்ச் பக்கம்: பிரைமரி கியர் நட்டு, கிளட்ச் பாஸ்கெட்டின் ஆட்டம். பிறகு கேம் செயின் டென்ஷனர், என்ஜின் மவுண்ட் போல்ட்டுகள்.

இவையெல்லாம் சரி என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய மரக்குச்சியைத் துளை வழியே பிஸ்டன் மேல் நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது மேக்னெட்டை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். மேக்னெட் நகர்ந்தும் குச்சி நகராத ஒரு வெற்று இடைவெளி, கூடவே கைக்கு ஒரு 'டக்', இரண்டும் சேர்ந்து வந்தால் ராடில் ஆட்டம் இருக்கிறது. ஸ்மால் எண்டா பிக் எண்டா என்பது இதில் தெரியாது.

அதற்கு ஹெட்டையும் சிலிண்டரையும் எடுக்க வேண்டும். பிஸ்டனைக் கழற்றி, ராடை உச்சியில் நிறுத்தி, நேர் மேலும் கீழும் மட்டும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடுவது குற்றமில்லை. பிக் எண்டுக்குப் பக்க இடைவெளி வேண்டும். புதிதில் சுமார் 0.1 முதல் 0.4 மி.மீ. வரை இருப்பது சாதாரணம். மேல்கீழாகக் கைக்குத் தெரிகிற ஆட்டம் எதுவாக இருந்தாலும் அந்த பிக் எண்ட் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: பேரிங்கில் தங்கிய ஆயில் இந்த ஆட்டத்தை மறைத்துவிடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்த பிறகு இழுத்துப் பாருங்கள். பார்த்து முடித்ததும் மறக்காமல் ஆயில் விடுங்கள், உலர்ந்த ஊசி பேரிங்கைச் சுற்றக்கூடாது.

கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு

மவுண்ட் போல்ட்டுகள், அவற்றின் ரப்பர் புஷ், ஃப்ரேமில் விரிசல். இவை சரி என்றால்தான் உள்ளே போக வேண்டும்.

பேலன்சர் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்கும் துணைத் தண்டு) உள்ள என்ஜினில், சமீபத்தில் யாராவது கிளட்ச் கவரைத் திறந்தார்களா என்று விசாரியுங்கள். பேலன்சர் கியரின் குறியும் கிராங்க் கியரின் குறியும் ஒரு பல் தள்ளிப் போனாலே வண்டி உதறும். குறிகளை நேர் செய்தால் வேலை அதோடு முடிந்துவிடும்.

ராடு மாற்றிய பிறகு தொடங்கிய அதிர்வு என்றால் சேர்த்த விதத்தில் பிழை. பழையதைவிடக் கனமான ராடோ பிஸ்டனோ போட்டிருந்தாலும் அதிரும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

கேஸை (என்ஜின் கூட்டை) பிளக்கும் முன் செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை உண்டு. மேக்னெட்டைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டின் வெளிமுனையில் டயல் கேஜை வைத்து கிராங்க்கை மெதுவாகச் சுற்றுங்கள். கையேட்டின் எல்லையைத் தாண்டி முள் ஆடினால் கிராங்க் வெளியே வந்தாக வேண்டும். பல சிறிய என்ஜின்களில் எல்லை 0.05 மி.மீ. பக்கம் இருக்கும், சிலவற்றில் 0.1 வரை அனுமதி உண்டு.

சுத்தியலால் தட்டி மேக்னெட்டைக் கழற்றுவதே கிராங்க் திரும்புவதற்கு (ஒரு தட்டு மற்றதைவிட முறுக்கிக்கொள்வதற்கு) ஒரு முக்கியக் காரணம். புல்லர் இல்லையென்றால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

மேக்னெட் உரசுகிறது, ஸ்பார்க் டைமிங் நிலையாக நிற்கவில்லை

ஸ்டேட்டர் (மேக்னெட்டுக்குள் சுற்றாமல் நிற்கும் காயில் பகுதி) ஸ்க்ரூ தளர்வு, மேக்னெட்டுக்குள் ஒட்டிய இரும்புத்தூள், இவை முதல் சந்தேகம். அடுத்து ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங். ஆட்டம் இல்லாமல் மேக்னெட் விளிம்பு மட்டும் ஆடினால், முன்பு சொன்னபடி வெளிமுனையில் டயல் வைத்து அளக்க வேண்டும். பாயிண்ட் (ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி எத்தனை முறை வைத்தாலும் மாறிக்கொண்டே இருப்பது இதே நோயின் இன்னொரு முகம்.

ஆயில் சீல் மாற்றிய சில நாளிலேயே மறுபடி போகிறது

டூ ஸ்ட்ரோக்கில் இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் இழுபட்டு எரியும். வெண்புகை ஓயாது, வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மேக்னெட் பக்கச் சீல் போனால் காற்று உள்ளே நுழையும். ஐடில் தானாக ஏறும், த்ராட்டிலை விட்டாலும் ரேஸ் இறங்க நேரமெடுக்கும். இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோல் குறைந்த கலவையில் பிஸ்டன் பிடித்துவிடும்.

புதுச் சீலும் நிற்கவில்லை என்றால் வரிசை இது: சீல் உதடு உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம், மெயின் பேரிங் ஆட்டம், கடைசியாக கிராங்க் அவுட் (ஷாஃப்ட் நேராகச் சுற்றாமல் விலகி ஆடுவது). சீலை மட்டும் மூன்றாவது முறை மாற்றுவதில் பயனில்லை.

மேசையில்: டயல் கேஜ் அவுட் காட்டுகிறது

அதிகம் குழப்பம் இங்கேதான், அதனால் நிதானமாகப் போகலாம்.

முள் ஆடுவதை நம்பும் முன், ஷாஃப்ட் முனைகளில் உள்ள சென்டர் குழிகளைச் சுத்தம் செய்யுங்கள். சுத்தியல் பட்டு நசுங்கிய குழி, நேரான கிராங்க்கையும் கோணலாகக் காட்டும். இன்னொன்று: டயல் காட்டுவது மொத்த ஆட்டம், உண்மையான விலகல் அதில் பாதி. 0.10 காட்டினால் ஷாஃப்ட் நகர வேண்டியது 0.05 மட்டுமே. இது தெரியாமல் இரண்டு மடங்கு அடித்து, மறுபக்கம் கொண்டுபோய் விடுவார்கள்.

கிராங்க்கை எங்கே தாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து உயர்ந்த புள்ளியின் பக்கமே மாறும். இரு முனைகளையும் சென்டரில் பிடித்து தட்டுக்கு அருகே அளந்தால் ஒரு பக்கம் உயரமாகக் காட்டும். அதே கிராங்க்கை மெயின் பேரிங் இடத்தில் வி-பிளாக்கில் வைத்து வெளிமுனையில் அளந்தால் எதிர்ப்பக்கம் உயரமாகக் காட்டும். நான் கீழே சொல்வது முதல் முறைக்கு, அதாவது முனைகளில் தாங்கி, இரண்டு டயல்களைத் தட்டுகளுக்கு அருகே ஷாஃப்ட்டில் வைத்துப் பார்க்கும்போது. எந்த முறையானாலும், அடிக்கும் முன் நேர்க்கோலும் வெர்னியரும் டயலோடு ஒத்துப் பேச வேண்டும்.

*இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. உயர்ந்த இடம் பின்னுக்கு நேர் எதிரே:* தட்டுகள் பின்னுக்கு எதிர்ப்பக்கத்தில் விரிந்திருக்கின்றன. பின் இருக்கும் பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் இரு தட்டுகளின் வெளி அகலத்தை அளந்தால் எதிர்ப்பக்கம் கூடுதலாக இருக்கும். மென்மையான தாடை போட்ட வைஸில் விரிந்த பக்கத்தைப் பிடித்து, கொஞ்சமாக இறுக்கி, விட்டு, மறுபடி அளவு பாருங்கள்.

*இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன; உயர்ந்த இடம் கிராங்க் பின் இருக்கும் பக்கம்:* எதிர்ப்பக்கம் நெருங்கிவிட்டது. இரு தட்டுகளுக்கும் நடுவே, பின்னுக்கு எதிரே, அலுமினியம் அல்லது பித்தளை ஆப்பை வைத்து மெல்லத் தட்டி விரிக்க வேண்டும். எஃகு ஆப்பு தட்டின் உள்முகத்தைக் கீறும்.

*ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. உயர்ந்த இடம் பின்னிலிருந்து 90 பாகையில்:* ஒரு தட்டு மற்றதைவிடத் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் சந்திக்கப்போவது இதைத்தான். பின்னிலிருந்து 90 பாகையில், இரு தட்டுகளின் விளிம்பின் மேல் நேர்க்கோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு தட்டில் படும், மற்றதில் நூல் போல வெளிச்சம் கசியும். கிராங்க்கைத் தாங்கியிலிருந்து எடுத்து, உயரமாக நிற்கும் தட்டின் விளிம்பில் அந்த 90 பாகை இடத்தில், மையத்தை நோக்கிச் செம்புச் சுத்தியலால் ஒரே அடி. உடனே அளவு. இரண்டாவது அடி அளவுக்குப் பிறகுதான்.

*ஒரு முள் மட்டும் ஆடுகிறது, மற்றது அமைதி:* அந்தப் பக்க ஷாஃப்ட்டே வளைந்திருக்கலாம். இதை அடித்து நேராக்க முயல வேண்டாம். அந்தப் பக்கத் தட்டை மாற்றுவதுதான் வழி.

*உயர்ந்த இடம் 0-வும் இல்லை, 90-உம் இல்லை, நடுவில் எங்கோ:* திருகலும் விரிவும் கலந்திருக்கின்றன. முதலில் திருகலை எடுங்கள். பிறகு விரிவையோ நெருக்கத்தையோ பாருங்கள். இரண்டையும் ஒரே சுற்றில் துரத்தினால் நாள் முழுக்க அங்கேயே நிற்பீர்கள்.

எங்கே நிறுத்துவது? கையேட்டின் எல்லைக்குள் வந்தால் வண்டி ஓடும். நான் 0.02 மி.மீ.-க்குள் வரும்வரை கீழே வைப்பதில்லை. எல்லை என்பது தேய்ந்த கிராங்க்கைத் தூக்கிப்போடச் சொல்லும் அளவு, புதிதாகச் சேர்த்ததற்கு அதை இலக்காக வைப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

செய்யவே கூடாதவை: ஷாஃப்ட்டின் மேல் அடிப்பது, கிராங்க் தாங்கியில் இருக்கும்போதே அடிப்பது, இரும்புச் சுத்தியலால் அடிப்பது.

பின்னை மாற்ற வேண்டியிருக்கிறது

ஹைட்ராலிக் பிரஸ்ஸும், தட்டைப் பின்னுக்கு அருகிலேயே தாங்கும் சரியான கட்டையும் இல்லையென்றால் இதோடு நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுங்கள். பின் அதன் துளையைவிட ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள் தடிமனாக இருக்கும். அந்த இறுக்கம் மட்டும்தான் இரு தட்டுகளையும் பிடித்து வைத்திருக்கிறது. வைஸில் வைத்து அடித்து இறக்கினால் துளை சிராய்த்துப் போகும், பிறகு எந்தப் பின்னும் நிற்காது.

பிரஸ் உண்டு என்றால், பிரிக்கும் முன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தட்டுகளின் மொத்த வெளி அகலம், பிக் எண்ட் பக்க இடைவெளி, பின்னின் முனை தட்டின் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது, ராடின் எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது. இரு விளிம்புகளிலும் நேர்க்கோல் வைத்து ஒரு கோடும் கீறிவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்தவர்கள் பிறகு அரை நாள் தேடியதுண்டு.

சேர்க்கும்போது முதல் கவலை ஆயில் வழி. ஃபோர் ஸ்ட்ரோக் கிராங்க்கில் தட்டின் துளையும் பின்னின் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். முதல் தட்டில் பின் இறங்கியதும் காற்றடித்து பார்த்துவிடுங்கள். தப்பாக இருந்தால் எடுத்துத் திருப்ப இன்னும் வழியுண்டு, இரண்டாவது தட்டும் ஏறிய பிறகு இல்லை. பிறகு வாஷர், பேரிங், ராடு, வாஷர். இரண்டாவது தட்டை நேர்க்கோல் வைத்து ஒழுங்கு செய்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் அழுத்தி, நிறுத்தி, மறுபடி கோல் வைத்துப் பாருங்கள். பின் கொஞ்சமே உள்ளே இருக்கும் இந்த நிலையில் திருத்துவது எளிது. முழுதும் இறங்கிய பிறகு ஒவ்வொரு நூறில் ஒரு பங்குக்கும் போராட வேண்டும். கடைசித் தூரத்தைப் பக்க இடைவெளியில் ஃபில்லர் கேஜை வைத்துக்கொண்டே அழுத்துங்கள்.

பிரஸ் முள் அதிகம் ஏறாமல் பின் வழுக்கிக்கொண்டு இறங்கினால் மகிழ வேண்டாம், துளை பிடிமானத்தை இழந்துவிட்டது.

மூடிய பிறகு கிராங்க் இறுக்கமாகச் சுற்றுகிறது

போல்ட்டுகளை இறுக்க இறுக்க இறுகியதா? மெயின் பேரிங் அதன் இருப்பிடத்தில் முழுதாக உட்காரவில்லை, அல்லது கிராங்க் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கிறது. ஷாஃப்ட் முனையில் நட்டைப் பூட்டி, மென்மையான சுத்தியலால் மறுபக்கத்துக்கு ஒரு லேசான தட்டு. பல நேரம் 'டக்' என்று விடுபட்டு சுகமாகச் சுற்றும். விடவில்லை என்றால் வலிந்து ஓட்டாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

பேரிங்கை ஏற்ற அலுமினியக் கேஸைச் சுமார் 100 பாகை செல்சியஸ் வரை சமமாகச் சூடாக்கினால் பேரிங் தானாக விழுந்து உட்காரும். இதற்குச் சுத்தியல் வேண்டியதில்லை. கிராங்க்கை அடித்து பேரிங்குக்குள் ஏற்றியிருந்தால், நீங்கள் எடுத்த 0.02 அங்கேயே போயிருக்கும்.

புது பிக் எண்ட் சீக்கிரமே போய்விட்டது

ராடின் கீழ்ப்பகுதியில் நீல நிறம் இருக்கிறதா? ஆயில் போகவில்லை. ஆயில் பம்ப், சல்லடை, சுழல் ஃபில்டர், கிராங்க் முனையில் ஆயில் நுழையும் சீல், பின் துளை என்ற வரிசையில் தேடுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலவை விகிதமும் ஆயில் பம்ப்பும்.

நீலம் இல்லை, ஆனால் பிஸ்டன் குறுக்குவாட்டில் ஒரு மூலையில் தேய்ந்திருக்கிறதா? ராடு வளைந்திருக்கிறது. ஸ்மால் எண்டில் பிஸ்டன் பின்னை நுழைத்து, இருபுறமும் கேஸின் மேல்முகத்திலிருந்து உயரம் பாருங்கள்.

நேர் செய்த கிராங்க் மறுபடி திரும்புகிறது

ஒரு முறை என்றால் ஏதோ அதிர்ச்சி: பிஸ்டன் பிடித்தது, சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பி இருந்தபோது கிக் அடித்தது, பிரைமரி நட்டை இறுக்கக் கம்பியைத் தட்டுகளுக்கு நடுவே செருகியது. கடைசியாகச் சொன்னதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. தட்டின் உள்முகத்தில் கம்பி பதிந்த தழும்பைத் தேடுங்கள்.

இரண்டாவது முறையும் திரும்பினால் துளை தளர்ந்துவிட்டது. பின் முனையைச் சுற்றித் துருப்பொடி போன்ற செம்பழுப்புக் கறை தெரிந்தால் சந்தேகமே இல்லை, உள்ளே உராய்வு நடந்திருக்கிறது. சிலர் பின் முனையில் வெல்டிங் வைக்கச் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் தட்டு இழுத்துக்கொள்ளும், அடுத்த ராடு மாற்ற வழியிருக்காது, பேரிங்குக்கும் சூடு போகும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. சில என்ஜின்களுக்குத் தடிமன் கூடிய பின் கிடைக்கும். அதைப் போட முடியுமா என்பதைத் துளையை மைக்ரோமீட்டரில் அளந்து சொல்லக்கூடிய ஒரு மெஷின் ஷாப்தான் சொல்ல வேண்டும். கிடைக்கவில்லை என்றால் தட்டுகளோடு முழு கிராங்க்கும் மாற வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் உள்ள அழுத்திச் சேர்த்த கிராங்க் என்றால் இந்தக் கட்டம் வரை காத்திருக்காமல், முதல் நாளே அதற்கென ஜிக் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.